உப்பு வைத்த பொறி

அரசாங்கம் இன்னும் வெளியிடாத விதியைப் பற்றி, பொட்டலத் தின்பண்டத் தயாரிப்பாளர் சங்கத் தலைவர் பேட்டி கொடுத்திருந்தார். இந்த விதி வந்தால் தொழிலே படுத்துவிடும் என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தார்.

உப்பு அதிகமுள்ள பாக்கெட்டின் முகப்பில் சிவப்பு வட்டம் போட வேண்டும் என்ற விதி அது. நூறு கிராம் பண்டத்தில் எத்தனை கிராம் உப்பைத் தாண்டினால் வட்டம் என்பதில்தான் அதன் உயிரே இருந்தது.

உணவுப் பாதுகாப்புத் துறையின் புனே அலுவலகத்தில் இணை இயக்குநர் கிருஷ்ணஸ்வாமி, கண்காணிப்பாளர் இருதயராஜைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஃபைல் உங்க பொறுப்புல இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள யார் வெளிய விட்டதுன்னு கண்டுபிடிங்க. இல்லன்னா நான் உங்க பேரைத்தான் எழுத வேண்டிவரும்."

இருதயராஜுக்கு ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்காதவர்.

அன்று சாயங்காலம் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மும்பை அமைச்சகத்திலிருந்து வந்திருந்த மூல வரைவில் உப்பின் அளவு இரண்டு கிராம். அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். 'திருத்திய வரைவு, மிக ரகசியம்' என்று தலைப்பிட்டு, அளவை மட்டும் மாற்றி, மூன்று பிரதிகள் எடுத்தார். ஃபைலைப் பார்த்திருந்த இருவரில், கணினிப் பிரிவு சேவியருக்குக் கொடுத்ததில் ஒன்றே கால். சட்ட அதிகாரி வைஷாலிக்கு ஒன்றரை. கிருஷ்ணஸ்வாமிக்குக் கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்வாரே என்று அவருக்கும் ஒன்று, ஒன்றே முக்கால் போட்டு. சங்கம் எந்த எண்ணைச் சொல்லிக் கூப்பாடு போடுகிறதோ, அந்தப் பிரதிக்காரர்தான் ஆள்.

சேவியராக இருக்கக் கூடாது என்று மட்டும் மாதாவை வேண்டிக்கொண்டார். இருவரும் விஷ்ராந்த்வாடிக்காரர்கள். தினமும் ஒரே ஸ்கூட்டரில் வருபவர்கள். சேவியரின் மகளுக்கு இருதயராஜ்தான் ஞானத்தந்தை.

ஞாயிற்றுக்கிழமை, பாணேரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனார். எதிரே இருந்த கண்ணாடிக் கட்டிடத்தில்தான் சங்கத்தின் அலுவலகம். அதன் வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றான் சேவியர்.

மறுநாள் ஸ்கூட்டரில் போகும்போது, நேற்று எங்காவது போனாயா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"எங்கண்ணே, மழை. வீட்ட விட்டே நகரல."

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சேவியர் வழக்கம்போல வடாபாவைப் பாதியாகப் பிட்டு நீட்டியபோது, பசியில்லை என்று எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தபால் பிரிக்கும் வேலை இருதயராஜுடையது. உறையைக் கிழித்தார்.

'தங்கள் திருத்திய வரைவில் ஒன்றே கால் கிராம் என்று இருக்கக் கண்டோம்' என்று தொடங்கியது கடிதம்.

இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சேவியரைக் காட்டிக்கொடுப்பதா, பழியைத் தானே சுமப்பதா? அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானத்தன்று தலையைத் தாங்கிப் பிடித்தது நினைவுக்கு வந்தது. நெடுநேரம் கழித்துத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே படித்தார்.

'அடுத்து வந்த பிரதியில் ஒன்றரை. நேற்று இணை இயக்குநர் அன்புடன் அனுப்பிவைத்ததில் ஒன்றே முக்கால்.'

இருதயராஜ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கடைசி வரி ஒன்றுதான் பாக்கி இருந்தது.

'நாங்கள் எழுதி அமைச்சகத்துக்குக் கொடுத்த வரைவில் இரண்டு என்றுதான் இருந்தது. தட்டச்சுப் பிழைகளைத் திருத்தி, விதியை விரைவில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.'