ஐந்து ஆட்டம், ஒரு பெட்டி

லிஃப்ட் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது.

மேலே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டி சரிந்து, அவன் தோளில் மோதி, கீழே விழுந்து பிளந்தது. உள்ளே இருந்த சின்னப் பெட்டிகள் காலைச் சுற்றிச் சிதறின.

விளக்கும் போய்விட்டது.

கம்பிக்கதவுக்கு எதிரே வெறும் சுவர். சுவருக்கு மேலே ஒரு சாண் இடைவெளி. அதில் மூன்றாவது மாடியின் தரை தெரிந்தது. இருந்த வெளிச்சமும் அது வழியாக வந்ததுதான்.

கத்த வாயைத் திறந்தான்.

மூடிக்கொண்டான்.

இது சரக்கு லிஃப்ட். ஆள் ஏறக் கூடாது. கீழே பெட்டிகளை அடுக்கி அனுப்பிவிட்டு, படியேறிப் போய் மேலே இறக்க வேண்டும். அதுதான் குடோன் சட்டம்.

அவன் முட்டி வலி சட்டத்தைக் கேட்கவில்லை. கூடவே சுமக்கும் முனிரத்தினம்தான், "நீ ஏறிக்கோண்ணே, நான் படியில ஓடியாறேன்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

போன மாதம் முனிரத்தினமே இதில் ஏறி மாட்டினான். சூப்பர்வைசர் லாசர் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

"போர்டுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கென்ன சார் தெரியும்? நான் கைநாட்டு."

லாசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. விட்டுவிட்டார். மறுநாள் ஒரு தாள் டைப் அடித்து வந்தது. இனி ஏறினாலோ, ஏற்றிவிட்டாலோ, அன்றோடு வேலை இல்லை. எல்லோரும் கட்டைவிரலை மையில் தோய்த்து அமுக்கினார்கள்.

அவன் பேனா கேட்டான்.

நாற்பத்து மூன்று வயதில் மாலை வகுப்புக்குப் போய்ப் பிடித்த எழுத்து. வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தான். 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று இருந்த இடத்துக்குக் கீழே முழுப் பெயரையும் எழுதினான். புள்ளி ஒன்றுகூட விடவில்லை.

"பரவால்லையே, ஆபீசர் கையெழுத்து" என்றார் லாசர்.

அன்று முழுக்க அவனுக்கு மூட்டை கனக்கவில்லை.

இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான்.

சட்டை முதுகோடு ஒட்டியது. உட்கார்ந்தான். கைக்கு அகப்பட்ட சின்னப் பெட்டியை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான்.

கம்ப்யூட்டரில் ஆடுகிற ஆட்டம். சுடுகிற ஆட்டம் ஐந்து, ஒரே பெட்டிக்குள். விலை போகாத பழைய சரக்கு. மேலே கிடப்பில் போடத்தான் ஏற்றினார்கள்.

முன்பக்கம் இங்கிலீஷ். பெட்டி சுமந்து சுமந்து அந்த எழுத்தும் கொஞ்சம் பழகியிருந்தது. எஸ். பி. ஏ. சி. இ.

கூட்டிப் படித்தான்.

ஸ்பாசி.

ஊர்ப் பேரா, ஆள் பேரா, தெரியவில்லை.

பின்பக்கம் ஐந்து படம். இரும்புச் சுவர். நீண்ட நடை. சாத்திய கதவு. கூரையில் அப்பிக்கொண்டிருக்கும் பச்சைப் பிராணி. ஐந்திலும் ஆள் இல்லை. கீழே இருந்து இரண்டு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது, துப்பாக்கியோடு.

கைக்குச் சொந்தக்காரனைக் காணோம்.

பில் போடும் செல்வராணி ஒருநாள் சொல்லியிருந்தாள். ஆடுகிறவன்தான் அந்த ஆளாம். அதனால் முகம் வராதாம். ஓரத்தில் இருக்கிற எண் அவன் உயிர். சைபருக்கு வந்தால் செத்தான். பட்டனைத் தட்டினால் எழுந்துவிடுவான்.

"எத்தினி தடவம்மா?"

"எத்தினி தடவ வேணும்னாலும்ணே."

கடைசிப் படத்தின் ஓரத்தில் ஏழு என்று இருந்தது.

மேலே காலடி.

இடைவெளியில் கறுப்பு ஷூ வந்து நின்றது. பக்கத்திலேயே முனிரத்தினத்தின் நீல ரப்பர் செருப்பு.

"உள்ள ஆள் இருக்கா?" லாசரின் குரல்.

அவன் மூச்சைப் பிடித்தான். குனிந்து பார்த்தால் தீர்ந்தது. லாசருக்குத் தொப்பை குனிய விடாது.

இங்கே விட்டால் இந்த முட்டியை வேறு எவன் வேலைக்குச் சேர்ப்பான்?

"எங்கடா உன் கூட்டாளி?"

"டீ குடிக்கப் போயிருக்காரு சார்."

முனிரத்தினம் பட்டென்று சொல்லிவிட்டான். காப்பாற்றுகிறானாம்.

"அப்ப வெறும் சரக்குதான? கிடக்கட்டும். மெக்கானிக் திங்கக்கிழமதான் வருவான். மெயின ஆஃப் பண்ணு. ஷட்டர இழுத்துப் பூட்டிட்டு சாவிய என் கையில கொண்டாந்து குடு."

இன்று சனிக்கிழமை. மணி மூன்றுகூட ஆகியிருக்காது. தண்ணீர் பாட்டில் கீழே, எடைக்கல் பக்கத்தில் இருந்தது.

ஷூ திரும்பியது. நடந்தது.

நீலச் செருப்பு நகரவில்லை.

அவன் அந்தக் காலையே பார்த்தான். பெருவிரல் செருப்பைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது. ஏற்றிவிட்டவன் அவன். பொய் சொன்னவனும் அவன். இப்போது வாயைத் திறந்தால் அந்தக் காலுக்கும் இந்தக் குடோனில் இன்றோடு சரி.

"சார்..." என்றான் முனிரத்தினம்.

ஷூ நின்றது.

"என்னடா?"

அடுத்த வார்த்தை வருவதற்குள் அவன் எழுந்துவிட்டான். முட்டி சொடுக்கியது. கம்பிக்கதவை இரண்டு கையாலும் பிடித்து, லிஃப்டே ஆடும்படி உலுக்கினான்.

"சார், நான் சார்! டீ குடிச்சிட்டு அப்பவே வந்துட்டேன், இவனுக்குத் தெரியாது. இவன் மேல போனப்புறம் நானாத்தான் ஏறினேன் சார்!"