தம்புசாமியின் வழக்கறிஞர்

"உட்காருங்கள்" என்று நீதிபதி மறுபடியும் சொன்னார்.

லோகேஸ்வரி உட்காரவில்லை.

காலையிலேயே எல்லாரும் தடுத்துப் பார்த்துவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் கூடவே தொழில் செய்யும் யுகேந்திரன், "ஒன் கடம முடிஞ்சிருச்சு லா. கேஸ விடு" என்றான். ஷா ஆலம் நீதிமன்ற வாசலில் அரசுத் தரப்பு வழக்கறிஞரும் அதையேதான் நாசூக்காகச் சொன்னார்.

முடிந்துவிட்டதாம். யாருக்கு முடிந்தது?

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்புசாமி கிள்ளானில் ஒரு கிடங்கின் காவலாளி. அங்கிருந்த செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. கேமராவில் பதிவானது ஒரு முதுகும் ஒரு தொப்பியும் மட்டும். அதே சட்டை, அதே தொப்பி அங்கே எல்லாக் காவலாளிகளுக்கும் உண்டு. ஆனாலும் அது தம்புசாமியின் முதுகுதான் என்று மேற்பார்வையாளர் கூண்டேறிச் சொன்னார். கீழ்நீதிமன்றம் அதை நம்பியது. ஐந்து வருடச் சிறை.

அன்று விலங்கு மாட்டிய கையோடு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மேல் கோர்ட்லயும் நீங்கதானேம்மா பேசுவீங்க?"

"நான்தான் அங்கிள்."

அதற்குப் பிறகு விசாரணை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. பழைய வழக்குக் குறிப்புகள் தயாராகவில்லை என்றார்கள். அவள் சிறைக்குப் போகும்போதெல்லாம் அவர் சாப்பாட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ பேசியதில்லை. "நாள் குடுத்துட்டாங்களாம்மா?" என்பார்.

இன்றுதான் அந்த நாள்.

பின் வரிசையில் அவருடைய மகள் தாமரை உட்கார்ந்திருந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை. வகுப்பில் ஒரு பென்சில் காணாமல் போனாலும் பெற்றோர்கள் முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

"யாங் ஆரிஃப்," என்று நீதிபதியை விளித்து லோகேஸ்வரி தொடர்ந்தாள். அந்த முதுகு யாருடையது என்று இதுவரை எவருமே நிரூபிக்கவில்லை. அதை மட்டுமாவது கேளுங்கள் என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. தாழ்த்திக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்டவர் இல்லை. தணிந்த குரலில்தான் சொன்னார்.

"உங்கள் கட்சிக்காரர் போன மாதம் சிறையில் இறந்துவிட்டார். அவரோடு இந்த மேல்முறையீடும் முடிந்துவிட்டது. சட்டம் அப்படி."

அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே நடைகூடத்தில் தாமரை அழவில்லை. "செத்துப்போனா எல்லாருக்குமே இப்படித்தானாக்கா?"

பொய் சொல்ல லோகேஸ்வரிக்கு வாய் வரவில்லை.

"இல்ல. அபராதம் போட்டிருந்தா, ஆள் செத்த பிறகும் கேஸ் நடத்தலாம். குடும்பத்துச் சொத்து போயிருமே. ஒங்கப்பாவுக்கு வெறும் ஜெயில்தான். அதனால நடத்த விட மாட்டாங்க."

தாமரை அவளையே வெறித்துப் பார்த்தாள்.

"அப்ப, காசுக்காகப் பேசலாம். அப்பா பேருக்காகப் பேசக்கூடாது."

கறுப்பு அங்கியைக் கழற்றப்போன லோகேஸ்வரியின் கை நின்றது. அவள் திரும்பிப் பதிவாளர் அலுவலகத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"வா," என்றாள். "இதுக்கு மேல கோர்ட் புத்ராஜெயாவுல இருக்கு."