சத்தமில்லாத கார்டு

பட்டனை அழுத்தினேன். கணினிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரே ஒரு 'பீப்'. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.

மணி ஒன்பதரை. பத்து மணிக்கு இணையவழியில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். கணினிப் பயிற்றுநர் வேலை. இதற்கு முன் இரண்டு இடங்களில் மிக மரியாதையாக வேண்டாம் என்றார்கள். இந்த முறை விண்ணப்பத்தில் என்னைப் பற்றி ஒரு வரி குறைத்தே எழுதியிருந்தேன்.

திரைக்குப் படம் அனுப்பும் பழைய கிராபிக்ஸ் கார்டில் கோளாறு இல்லை. அதன் விசிறிதான் ஹெலிகாப்டர் மாதிரி இரையும். மைக்கில் என்னைவிட அதுதான் அதிகம் கேட்கும். அதனால் விசிறியே இல்லாத, வேறு கம்பெனிக் கார்டு வாங்கி, காலையில் நானே மாட்டினேன்.

கம்பெனி மாறினால் டிரைவரும் மாற வேண்டும். டிரைவர் என்பவர் இங்கே ஒரு மொழிபெயர்ப்பாளர். கணினியை இயக்கும் லினக்ஸ் சொல்வதைக் கார்டுக்குப் புரியும்படி சொல்பவர். பழையவரை அனுப்பாமல் விட்டால் வாசலை மறித்து நிற்பார். நேற்றே துளி மிச்சமில்லாமல் நீக்கிவிட்டேன். புதியவரோ லினக்ஸுக்குள் ஏற்கெனவே குடியிருப்பவர். கூப்பிடக்கூட வேண்டாம்.

பிறகு ஏன்?

அணைத்து, கார்டைக் கழற்றி, மறுபடி மாட்டினேன். 'க்ளிக்' சரியாகவே விழுந்தது. கடவுச்சொல்லைத் தட்டினேன். ஏற்றுக்கொண்டதா? தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் அண்ணியைக் கூப்பிட்டேன்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு? மலையும் ஏரியுமா பளிச்சுனு நிக்குது. உங்கண்ணன் மூஞ்சிகூட இவ்வளவு பளிச்சுனு இருந்ததில்ல."

படம் வருகிறது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேலை செய்கிறார். கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் படம்தானே கெட வேண்டும்?

திரைக்குப் போகும் கேபிளில் விரல் பட்டபோதுதான் உறைத்தது. அந்த ஒரே கேபிளில் படத்தோடு ஒலியும் போகும். கிராபிக்ஸ் கார்டுக்குள் குட்டியாக ஓர் ஒலிக்கார்டும் உண்டு. லினக்ஸ், புதிதாக வந்த விருந்தாளிக்கே முதல் மரியாதை என்று, ஒலி முழுவதையும் அதன் பக்கம் திருப்பியிருக்கிறது. எங்கள் திரையிலோ ஸ்பீக்கரே கிடையாது.

"அண்ணி, மூலையில ஸ்பீக்கர் படம் இருக்கும். அமுக்கி, வர்றத அப்படியே படிங்க."

படித்தார். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.

மேசை ஸ்பீக்கர் கனைத்தது. திரையில் இருப்பதை கணினியின் அந்தத் தட்டையான குரல் ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கியது. எனக்கு மூச்சு வந்தது.

அண்ணி போகும்போது வாசலருகே ஒரு 'டக்' கேட்டது. சிக்கனக்காரி.

பத்து மணிக்கு மூன்று பேர் இணைந்தார்கள். வணக்கம் சொன்னேன்.

"மேடம், ஒரே இருட்டா தெரியுது. லைட்டைப் போட்டுக்கறீங்களா?"

"ஒரு நிமிஷம்" என்று எழுந்து போனேன்.

வாசலருகே போர்டில் ஆறு சுவிட்சுகள். மின்விசிறி எது, சார்ஜர் எது என்று விரலுக்குத் தெரியும். விளக்கு எது என்று இந்த அறைக்கு வந்த மூன்று வருடத்தில் நான் யாரையும் கேட்டதில்லை.