நூற்று நாற்பதாம் பாகம்

"செத்தவைக்கு மிச்சக் கதையை ஆர், டடா, சொல்லுறது?" என்று மகள் சின்ன வயதில் கேட்டபோது அப்பா கிளறன்ஸ் சிரித்தார்.

பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து, நாடகங்களைச் சேமித்து வைக்க அவர் வீட்டில் பூட்டிய சேர்வரிலிருந்துதான், படுக்கையில் கிடந்த மேல்வீட்டு யூஜினா அக்கா தன் டீவியில் நாடகம் பார்த்தார். நூற்று நாற்பதாம் பாகத்தோடு டிஸ்க் நிரம்பிவிட்டது.

"தம்பி, நாடகத்தில வாற அந்தப் பெட்டை கடைசியில வீட்டுக்கு வருவாளோ?"

"இப்ப சொன்னா ருசி போயிடும் அக்கா. சம்பளம் வரட்டும், மலிவா ஒரு டிஸ்க் வாங்கிப் போடுறன்."

சம்பளத்துக்கு முன் அக்கா போய்விட்டார். அடக்கத்தன்றே அவருடைய டீவியை கன்னியர் மடத்துக்குக் கொடுத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து, கிளறன்ஸ் புது டிஸ்க்கைச் சேர்வரில் பூட்டினார். சேர்வரின் பதிவைப் பார்த்தால், அக்கா இறந்த பிறகும் அக்காவின் பெயரில் நூற்று நாற்பதாம் பாகம் முப்பத்தொரு தரம் ஓடியிருந்தது.

வீட்டில் யாருமில்லை. மிச்சப் பத்துப் பாகங்களையும் ஏற்றினார். அக்காவின் பெயரில் நூற்று நாற்பத்தொன்று தானாக ஓடத் தொடங்கியது. பார்ப்பவருக்குக் கரைச்சல் கொடுக்காமல், கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்தார்.