வெள்ளைக் குச்சி

“இன்னைக்கும் ஒண்ணும் கிடைக்கலையாண்ணே?”

வேலிக்கு இந்தப் பக்கம் தண்ணீர்ச் சொம்போடு நின்று அவள் கேட்டாள். கண்ணிவெடிக்காரர் தன் பழைய கால்தடங்களிலேயே கால் வைத்து வயலிலிருந்து வெளியே வந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

“ஒண்ணும் கிடைக்கலை” என்றார். அது பொய்யில்லை.

எல்லையை ஒட்டிய வயல். போன சண்டை நடந்தது நாற்பதே நாள். அது மண்ணுக்குள் விட்டுப்போனதைத் தோண்டி எடுக்க அவருக்கும் அவர் ஆட்களுக்கும் ஆறு வருஷம் ஆனது. எடுக்காத இடத்தில் சிவப்புக் குச்சி, எடுத்து முடித்த இடத்தில் வெள்ளைக் குச்சி. அந்த வெள்ளைக் குச்சியை நம்பித்தான் சுற்று வட்டாரத்தில் மாடு மேய்ந்தது, பிள்ளைகள் ஓடின.

இவள் வயலின் கடைசிச் சிவப்புக் குச்சியைப் பிடுங்கி வெள்ளை நட்டு ஒரு மாசம் ஆகிவிட்டது. விதைக்கக் கிளம்பியவளை, இரண்டாம் தடவை வேலை இருக்கிறது, பதினோரு நாள் யாரும் உள்ளே இறங்க வேண்டாம் என்று மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதிக்கிறாரே, தங்கமான மனுஷன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். இன்று பதினோராவது நாள்.

அவள் புருஷன் வரப்புக் கல்லில் உட்கார்ந்து மரக்காலின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். சண்டை ஓய்ந்த மறுவருஷம் இதே வயலில் விட்ட கால். ஊர் அவனுக்கு ஒன்றரை என்று பெயர் வைத்தது. அப்படிக் கூப்பிட்டால் அவனும் ஏன் என்று திரும்பிப் பார்ப்பான்.

“மச்சானைப் பாருடி” என்றான். “காலையில பொதிகழுதை மாதிரி முதுகு வளைஞ்சு போறாரு. சாயங்காலம் காலிப் பையைச் சுழட்டிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி வர்றாரு. மரத்தடியில தினம் விருந்து போல.”

கூட வந்த ஆட்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்கள். கண்ணிவெடிக்காரர் சொம்பை வாங்கிக் குடித்தார். மிச்சத் தண்ணீரோடு சொம்பை வரப்பில் வைத்தார்.

மழை ஈரம் காயுமுன் உழுதுவிட வேண்டும், நாளைக் காலையில் டிராக்டர் வருகிறது என்றாள் அவள். புருஷனே ஓட்டப்போகிறானாம், மரக்காலால் பிரேக் மிதிக்கப் பழகிவிட்டானாம்.

இந்த வருஷம் வேண்டாம் என்றார் அவர். பேச்சுவார்த்தை முறிந்துபோனதைக் காலையிலிருந்து ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைக் காலி பண்ணி வேறு கட்டில்கள் போடுகிறார்கள். அடுத்த வாரம் இந்த ஊரையே வெளியேற்றிவிடப் போவதாகப் பேச்சு. யார் அறுக்கப்போகிற பயிருக்கு விதைக்கிறாய் என்று கேட்டார். கெஞ்சுகிற குரலாகவே வந்தது அவருக்கு.

“அடுத்த வாரம்னா அடுத்த வாரம் போறோம். ஈரம் அதுவரைக்கும் நிக்குமா?” என்றாள். “சண்டை வந்தா மேலேர்ந்து விழும். அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? கீழே கிடந்ததை நீங்க எடுத்துட்டீங்க. எனக்கு அது போதும்ணே.”

அவர் வாயைத் திறந்தார். ஜீப்பில் ஹாரன் அடித்தது. வேலை விஷயம் ஊருக்குள் கசிந்தால் ராணுவச் சிறை என்று எழுதிய காகிதத்தில் பதினோரு நாளைக்கு முன்புதான் கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டில் இரண்டு பெண்கள், படிக்கிற வயசு. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

“மச்சான் நமக்காகப் பயப்படறாரு” என்றான் ஒன்றரை. “எனக்கென்ன, இன்னொரு காலும் போனா செருப்புச் செலவு மிச்சம்.”

அவள் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு மடியை அவிழ்த்து நாலு பூசணி விதையை எடுத்தாள். டிராக்டர் நாளைக்குத்தான், ஆனால் முதல் விதை உங்கள் கையால் விழணும், இந்த ஓரத்தில் ஊன்றிவிட்டுப் போங்கள் என்று அவர் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

அவர் கையைப் பார்த்தார். விரல் நகங்களில் அந்த வயலின் மண் கறுப்பாக ஏறியிருந்தது. பாதிக் குழிகளை அவரே தோண்டியிருந்தார்.

“என்னண்ணே மலைச்சுப்போய் நிக்கிறீங்க? நீங்க நட்ட குச்சிதானே. வாங்க, நானே முன்னால போறேன்.”

வெள்ளைக் குச்சியைத் தாண்டி ஒரு கால் வைத்தாள். அடுத்த காலைத் தூக்கினாள்.

விதைகள் சிதறின. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் இருவரும் வரப்பில் விழுந்தார்கள். சொம்பு உருண்டது. ஒன்றரை பதறி எழுந்து, இது என்ன பழக்கம் மச்சான் என்றான். ஜீப்பில் விட்டு விட்டு ஹாரன் அடித்தபடி இருந்தது.

கண்ணிவெடிக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குச்சியைப் பார்த்துச் சொன்னார்:

“ரெண்டாந்தடவை வந்தது எடுக்க இல்ல தங்கச்சி, புதைக்க.”