இடமில்லை என்று எழுதிய லாக்

ஒரு சர்வருக்குள் டேட்டாபேஸும் லாக் ஃபைலும் ஒண்டுக்குடித்தனம் இருந்தன. கல்யாண மண்டபத்துக்கு வரும் பதிவுகளைச் சேர்த்து வைப்பது டேட்டாபேஸின் வேலை. சர்வரில் நடக்கும் கோளாறுகளை எழுதி வைப்பது லாக்கின் வேலை.

தை முகூர்த்தங்களுக்கு ஜனங்கள் முட்டி மோதிய அன்று, டேட்டாபேஸால் ஒரு பெயரைக்கூட எழுத முடியவில்லை.

"எழுத இடமே இல்லையே. இப்படியே போனால் இரண்டு கல்யாணக்காரர்கள் ஒரே மண்டபத்தில் வந்து நிற்பார்கள்" என்று புலம்பியது.

"இடமில்லை, இடமில்லை என்று ஆறு மாதமாக நொடிக்கு நூறு வரி எழுதுகிறேன் அக்கா. யார் படிக்கிறார்கள்?" என்று அலுத்துக்கொண்ட லாக், மிச்சமிருந்த இடுக்கில் அதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டது.

"ஏம்ப்பா, நீ எத்தனை பெரிசு இருப்பே?"

"என் உடம்பைப் பற்றி உங்களுக்கு என்ன?"

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் மேகலா வந்தாள். மூன்று தரம் அணைத்துப் போட்டாள். சாமி கும்பிட்டாள். அப்புறம்தான் இடத்தை யார் அடைத்திருக்கிறார்கள் என்று தேடத் தோன்றியது. முக்கால்வாசி லாக். ஒரு வரிகூடப் படிக்காமல் அழித்தாள்.

டேட்டாபேஸ் முதல் பெயரை எழுதியது. பக்கத்தில் புது லாக் ஒன்று பிறந்து உட்கார்ந்தது.

"இடம் தாராளமாக இருக்கிறது" என்று எழுதியது. அடுத்த நொடியும் அதையே எழுதியது.