ஜன்னல் வெயில்

"கண்ணு தெரியாத மனுஷிக்கு ரெண்டாயிரம் பெசோவுல லைட்டா?" லோர்னா கடைக்குள்ளேயே கத்தினா. "சாதா டியூப் போதாதா உங்கம்மாவுக்கு?"

"அறவே தெரியாம இல்லடி. வெளிச்சம் எது, இருட்டு எதுன்னு தெரியும்." ரோடெல் குரலை அடக்கிக்கிட்டான். "அண்ணே, நீங்க காட்டுங்க. காலை வெயில் மாதிரியே இருக்கணும்."

கடைக்காரர் நெஸ்டருக்கு மனசு குளுந்துபோச்சு. இந்த மணிலாவுல அம்மாவுக்காக இப்படி மெனக்கெடுற பிள்ளைய அவர் பார்த்ததே இல்ல.

ஒவ்வொரு லைட்டா மாட்டி, அடியில தன் கையை நீட்டிக் காட்டினார். ஒண்ணுல கை நீலம் பூத்துச்சு. இன்னொண்ணுல மஞ்சக்காமாலை வந்த மாதிரி. மூணாவதுல, வாசல் வெயில்ல நீட்டிப் பார்க்கிற மாதிரி, கை கையாவே இருந்துச்சு.

"எல்.இ.டி. தம்பி. அசல் சூரியன் தோத்துடும். நாளெல்லாம் எரிஞ்சாலும் சூடே அடிக்காது."

"ஏமாத்துறதுக்கு எதுக்கு இவ்வளவு நல்ல லைட்டு?"ன்னு லோர்னா முணுமுணுத்தா. நெஸ்டர் அவளை முறைச்சார். மாமியார்னா இவளுகளுக்கு ஆகவே ஆகாது.

மறுநாள் அவரே போய் மாட்டிக் கொடுத்தார். முன்ரூம்ல யாரோ புதுசா அலமாரி அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அம்மாவுக்குப் பின்பக்கம், புழுக்கமான சின்ன ரூம். ஜன்னல் மாதிரியே ஒரு சட்டம், திரை, அதுக்குப் பின்னாடி லைட்டு.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து இன்னைக்கு வர்றாங்கண்ணே. ஜன்னல் ஓரமாவே படுத்துப் பழகினவங்க"ன்னான் ரோடெல்.

"மகராசனா இருப்பே"ன்னு சொல்லி, மாட்டின கூலியைக்கூட நெஸ்டர் வாங்கிக்கல.

ஒரு வாரத்துல, லைட் மினுக்குதுன்னு கூப்பிட்டான். நெஸ்டர் போனப்போ முன்ரூம்ல ஜன்னலைத் திறந்து வச்சு மளிகை யாவாரம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. வெயில் அந்தக் கடைக்குள்ள கொட்டுச்சு.

பின்ரூம்ல அம்மா ஜெபமாலையை மடியில போட்டுட்டு, வெளிச்சத்துல ரெண்டு கையையும் விரிச்சு வச்சிருந்தாங்க. லைட் ஒரு தடவை மினுக்குச்சு.

"மேகம்தாம்மா. வந்து வந்து போகுது"ன்னான் ரோடெல்.

லோர்னா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அம்மா கையைத் திருப்பிப் போட்டாங்க.

"மேகம் கெடக்கட்டும். வெயில் ஏன்டா சுடவே மாட்டேங்குது? என் ரூமை யாருக்கு வாடகைக்கு விட்டே?"

நெஸ்டர் அந்த லைட்டை ரிப்பேர் பண்ணணுமா, கழட்டி எடுத்துட்டுப் போயிடணுமா? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க.